ஜாஸ் இசையும் சுவரோரம் சாய்த்த பறையும்

சவ்வாது மலையடிவாரத்தில், போளூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் இடையே உள்ள சந்தவாசலில் அமர்ந்துகொண்டு ஜாஸ் இசையைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்கள் சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாதத்தில் செல்வோரின் பம்பையும் உடுக்கையும், விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தின் முகவீணையும், இழவு வீட்டு வாசலில் முழங்கும் பறையுமே இவ்வூர்க் காதுகளுக்குப் பழகிய ஒலிகள். ஊரின் பெயரில் சந்தம் இருப்பதற்கும் இவற்றுக்கும் தொடர்புண்டா என்பதைப் பெயராய்வோர் முடிவு செய்யட்டும். இவ்வொலிகளோடு வளர்ந்த காதுகளுக்கு ஜாஸ் அயலாகத் தோன்றவில்லை என்பதையும், தோன்றாததனாலேயே எழுந்த ஒரு நெருடலையும் இங்கு எழுத முற்படுகிறோம்.

இவ்விசை நம்மை வந்தடைந்தது ஜோலார்பேட்டை வழியாக. அங்கே இரயில்வே குடியிருப்பில் ஓய்வுபெற்று வாழ்ந்த ஆங்கிலோ இந்திய முதியவர் ஒருவர், கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற கண்டிப்போடு ஒலிநாடா ஒன்றைக் கொடுத்தார். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளமும் குரலும் அதில் இருந்தன. அக்குரலைக் கேட்டதும் வீட்டுப் பெரியவர்கள் சிரித்தார்கள். தொண்டை கட்டிய கூத்து வாத்தியார் பாடுவது போல் இருக்கிறதே என்றார்கள். ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி நாம் பின்னர் படித்த திறனாய்வுகளுள் இதனினும் பொருத்தமான ஒன்றைக் கண்டதில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் துரியோதனன் வேடம் கட்டியவரின் தொண்டையில் இனிமை எஞ்சியிராது. ஆயினும் அந்நேரத்தில் அவர் பாடும் சொல் நெஞ்சில் தைப்பது போல், மாலையில் பாடியது தைக்காது.

ஆம்ஸ்ட்ராங் தாம் 1900-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பிறந்ததாகவே வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அமெரிக்க விடுதலை நாள் அது. 1971-இல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1980-களில், நியூ ஆர்லியன்ஸ் நகரின் இயேசுவின் திருஇதய ஆலயத் திருமுழுக்குப் பதிவேட்டை ஆய்வாளர் ஒருவர் புரட்டியபோது உண்மை வெளிப்பட்டது. பிறந்தது 1901 ஆகஸ்டு 4. திருமுழுக்குப் பெற்றது அதே மாதம் 25. இலத்தீனில் எழுதப்பட்ட அப்பதிவில் குழந்தையின் பெயரை அடுத்து இரு சொற்கள் உள்ளன: கறுப்பன், முறைகேடாய்ப் பிறந்தவன். நம் பங்குகளின் பழைய பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு இவ்வழக்கம் புதிதன்று. பெயருக்குப் பக்கத்தில் சாதியை எழுதி வைத்த கைகளை நாமும் அறிவோம். இசையுலகம் தொலைத்திருந்த பிறந்தநாளைக் காத்து வைத்தது திருச்சபையின் ஏடு. அந்த இரு சொற்களைக் காத்து வைத்ததும் அதே ஏடுதான்.

பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் மாறி மாறி ஆண்ட கத்தோலிக்க நகரம் நியூ ஆர்லியன்ஸ். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகளுக்கு ஓய்வு கிடைத்தது. அவர்கள் கூடி முழவு கொட்டி ஆடுவதற்கு 1817-இல் நகராட்சி ஓரிடத்தை மட்டும் வரையறுத்தது. பின்னாளில் காங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்ற திடல் அது. அதற்கு அருகே திரெமே என்னும் பகுதியில் 1842-இல் திறக்கப்பட்ட புனித அகுஸ்தினார் ஆலயம் இன்றும் நிற்கிறது. அடிமைத்தளையில் இல்லாத கறுப்பின மக்கள் அவ்வாலயத்தில் தங்கள் குடும்பங்களுக்கு இருக்கைகளை விலை கொடுத்து வாங்கினார்கள். அதோடு நில்லாமல் பக்கவாட்டு வரிசைகளையும் வாங்கி அடிமைகளுக்கென்று விட்டார்கள். ஆலயத்துக்குள் யார் எங்கே அமர்வது என்பது அவ்வளவு பெரிய செய்தியா என்று வடக்கன்குளத்தை அறிந்த தமிழ்க் கத்தோலிக்கர் எவரும் கேட்கமாட்டார். சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து 1872-இல் எழுப்பிய அவ்வாலயத்தின் தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

அந்த அமெரிக்க நகரத்தின் சவ ஊர்வலத்தைத் திரையில் பார்த்தபோது நமக்கு நம் ஊரே நினைவுக்கு வந்தது. கல்லறை வரை பித்தளைக் கருவிகள் கனத்த நடையில் ஞானப்பாடல்களை இசைக்கின்றன. அடக்கம் முடிந்து திரும்பும்போது முழவு துள்ளத் தொடங்குகிறது. தெருவில் நிற்போரும் குடை விரித்துக் கைக்குட்டை வீசிப் பின்னால் ஆடி வருகின்றனர். நம் சாவு மேளமும் அழ வைக்கும், ஆடவும் வைக்கும். ஆனால் அவர்கள் அந்த ஊர்வலத்தைத் தங்கள் நகரின் பெருமையாக்கிக்கொண்டார்கள். இங்கோ சாவில் முழங்குவதனாலேயே பறை தீட்டுக் கருவியாயிற்று. அதை அடித்தவரின் பெயர் ஒரு சாதிப் பெயராகி, பின் வசைச்சொல்லாகி, ஆங்கில அகராதி வரைக்கும் ஏறிவிட்டது.

ஜாஸ் என்றதும் காதைப் பிளக்கும் இரைச்சல் என்று நினைப்பவர் உண்டு. கருநாடக இசை கேட்டுப் பழகியவர் அதன் கட்டுக்கோப்பை எளிதில் பிடித்துக்கொள்ளலாம். எல்லாரும் அறிந்த ஒரு மெட்டை முதலில் கூடி வாசிப்பர். பின் ஒருவர் மாற்றி ஒருவராக அதை எடுத்துத் தம் மனோதர்மப்படி விரிப்பர். முடிவில் மீண்டும் மெட்டுக்குத் திரும்புவர். ஒரு வரியை எடுத்து நிரவலும் கற்பனைச் சுரமும் பாடி மீள்வது போலத்தான். நாம் ஓர் இராகத்தின் எல்லைக்குள் விரிக்கிறோம். அவர்கள் வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வரும் சுரக்கூட்டுகளின் மேல் விரிக்கிறார்கள். ப்ளூஸ் என்னும் வடிவத்தில் நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு அளவுகள், ஆக 48 எண்ணிக்கை, ஒரு சுற்று. நம் தாள ஆவர்த்தனம் போல் அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பாடுவோர் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் பியானோவின் இரு கட்டைகளுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில் வளைத்து நிறுத்துவர். பியானோவில் கிடைக்காத அந்த இடத்தைக் கமகம் அறிந்த காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

ஒலிநாடாவிலும் பின்னர் குறுந்தகட்டிலும் கேட்ட அளவுக்கு நாம் நேரில் கேட்டதில்லை. கேட்ட சிலவற்றுள் ஒன்று மறக்கவில்லை. சென்னை அரங்கம் ஒன்றில், வெளிநாட்டுக் குழுவொன்று வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. ஒலிபெருக்கிகள் ஊமையாயின. முழவு வாசித்தவர் தடித்த குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கம்பித் தூரிகைகளை எடுத்துத் தோலை வருடலானார். சாக்சபோன்காரர் மேடையின் விளிம்புக்கு வந்து நின்றார். ஆளுயரத் தந்திக்கருவியை மீட்டியவர், மற்றவர் எங்கே போகிறார் என்பதை இருட்டில் காதாலேயே பின்தொடர்ந்தார். அதுவரை பேசிக்கொண்டிருந்த பின்வரிசையினர் அடங்கிப் போயினர். கால் மணி நேரம் அப்படிச் சென்றது. விளக்கு வந்தபோது பழைய உரத்த இசைக்கு அவர்கள் திரும்பியதுதான் நமக்கு ஏமாற்றமாக இருந்தது. இசைத்தட்டு எத்தனை முறை சுழன்றாலும் ஒரே விடையைச் சொல்லும். நேரில் வாசிப்பவர், அறையில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு விடை சொல்கிறார்.

இனி, இவ்விசையும் நம் மண்ணும் சந்தித்த இடங்களைப் பார்ப்போம். டேவ் புரூபெக் என்னும் பியானோ கலைஞர் 1958-இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் தம் நால்வர் குழுவோடு பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். அவர்கள் கூடி வாசிக்கவும் செய்தார்கள். பிள்ளையவர்கள் இடக்கை வாத்தியக்காரர். அதன் பொருட்டே நம் சங்கீத உலகில் பல இடர்ப்பாடுகளுக்கு ஆளானவர். மறு ஆண்டு வெளிவந்த புரூபெக்கின் புகழ்பெற்ற இசைத்தட்டில் ஐந்தெண்ணிக்கையிலும் ஒன்பதெண்ணிக்கையிலும் அமைந்த உருப்படிகள் மேலைநாட்டாரை வியக்க வைத்தன. ஒன்பது அவர் துருக்கித் தெருவில் கேட்டது. கண்ட நடையும் சங்கீர்ண நடையும் சிறுவர் பாடமாகிய நம் நாட்டில் அதற்காக எவரும் வியந்திருக்க மாட்டார். இந்தியாவை நினைத்து அவர் இயற்றிய கல்கத்தா ப்ளூஸ் நமக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் திரும்பும்போது வாங்கிச் சென்ற பொம்மை போல் அது அழகாக இருக்கிறது, அவ்வளவே. விருந்தாளியாக வந்து போகிறவரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் முறையன்று.

தங்கிக் கற்றவர் ஒருவர் உண்டு. பாஸ்டன் நகரத்து இத்தாலியக் குடும்பத்தில் 1923-இல் பிறந்த சார்லி மரியானோ, சாக்சபோனில் பெயர் பெற்ற பிறகு தென்னிந்தியா வந்து நாகசுரம் பயின்றார். நடுவயதில், கைதேர்ந்த கருவியை வைத்துவிட்டு, சீவாளியில் ஊதத் தெரியாத மாணவனாக மீண்டும் தொடங்கினார். பெங்களூரைச் சேர்ந்த பாடகி ஆர்.ஏ. ரமாமணியோடும் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் கலைஞர்களோடும் அவர் 1983-இல் வெளியிட்ட 'ஜோதி' என்ற தொகுப்பில், பாடகியின் குரலுக்கு அவர் வழிவிடும் பாங்கைக் கவனியுங்கள். தாம் பேச வேண்டிய இடங்களிலும் பல நேரம் பேசாமல் இருக்கிறார். நாகசுரத்திடம் கற்ற பணிவு அது என்று நாம் எண்ணுகிறோம்.

எதிர்த்திசையில் நடந்தவர் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பகுதியில் நாகசுரக் கலைஞரின் மகனாக 1949-இல் பிறந்து, தந்தையிடம் நாகசுரம் பயின்றவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கண்டு அதன்மீது காதல் கொண்டார். சாவிகளை அழுத்தி வாசிக்கும் அக்கருவியில் சுரங்கள் படிப்படியாகவே வரும்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது எளிதன்று. அவர் கருவியைத் தம் தேவைக்கேற்பச் சிறிது மாற்றியும், உதட்டையும் மூச்சையும் பழக்கியும் அதற்குக் கமகத்தைக் கற்றுக்கொடுத்தார். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவரைக் கேட்ட அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டி, தாமும் உடன் வாசிக்கலாமா என்று கேட்டார். 1994-இல் இலண்டனில் பி.பி.சி. நடத்தும் ப்ராம்ஸ் இசைவிழாவில் வாசித்தார். அதே ஆண்டு வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் தேநீர்க்கடைகளுக்கும் அவர் ஒலி வந்து சேர்ந்தது. 2019-இல் மறைந்தார்.

அவருடைய தொகுப்புகளுள் நாம் அடிக்கடி கேட்பது 2008-இல் வந்த 'கின்ஸ்மென்'. கருநாடகத்தைப் பூர்விகமாகக் கொண்டு அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பாவும் கோபால்நாத்தும் அதில் ஒரே வகைச் சாக்சபோனை வாசிக்கிறார்கள். மாணவப் பருவத்தில் மகந்தப்பாவுக்கு அவருடைய சகோதரர் கோபால்நாத்தின் இசைத்தொகுப்பு ஒன்றை வேடிக்கையாகப் பரிசளித்தாராம். அந்த வேடிக்கைதான் இதில் போய் முடிந்தது. கருவி ஒன்று, உச்சரிப்பு இரண்டு. ஒருவர் நியூயார்க்கின் அவசரத்தோடு சொற்களைக் கொட்டுகிறார். மற்றவர் சன்னிதித் தெருவில் சுவாமி புறப்பாட்டுக்கு முன் நடப்பவரைப் போல் நிதானமாக நீட்டுகிறார். சில இடங்களில் இருவரும் ஒருவரையொருவர் கேளாமல் தத்தம் திறமையைக் காட்டுவது குறையே. ஆனால் கன்னியாகுமரியின் வயலின் நடுவில் புகுந்து இருவரையும் இழுத்து நிறுத்தும் இடங்கள் உண்மையான உரையாடல்.

இங்கேதான் அந்த நெருடல். கோபால்நாத் ஊதிய சாக்சபோனில் நாம் கேட்டு மகிழ்ந்தது எதை? அவர் தந்தையின் நாகசுரத்தை. அப்படியாயின் நாகசுரத்தையே ஏன் கேட்கக்கூடாது? திருமண மண்டபங்களில் சாக்சபோன் வைப்பது பெருமையாகிவிட்டது. நாகசுரக்காரருக்கு மணமேடையின் மூலை. பித்தளையில் மினுங்கும்போது வேர் நமக்கு இனிக்கிறது. கருமரத்தில் இருக்கும்போது பழமை என்று ஒதுக்குகிறோம். குற்றம் அக்கலைஞருடையதன்று. கேட்கிற நம்முடையது.

நாகசுரத்துக்கே இந்நிலை என்றால் பறைக்கு? இக்கேள்வியோடு நம் ஆலயத்துக்குள் வருவோம். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், புனித செசிலியா திருநாளில், திருவழிபாட்டு இசை பற்றி ஆணை வெளியிட்டார். கிரகோரியன் இசைக்குப் புத்துயிர் அளித்த அந்த நல்ல ஆணையிலேயே, ஆலயத்துக்குள் பியானோவும், முழவு போன்ற ஓசைமிகு கருவிகளும் விலக்கப்பட்டன. வாத்தியக் குழுக்கள் வெளியே, பவனியில், ஆயரின் இசைவோடு வாசிக்கலாம். அறுபது ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு வேறு குரலில் பேசியது. மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு அவர்களுக்கே உரிய இசை மரபு உண்டு. அதற்கு உரிய மதிப்பும் வழிபாட்டில் இடமும் தரவேண்டும் என்றது அதன் 119-ஆம் பகுதி. குழாய் ஆர்கனைப் போற்றிய 120-ஆம் பகுதி, வழிபாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளையும் ஏற்கலாம் என்றது.

அக்கதவு திறந்தபோது வாசலில் காத்திருந்தவருள் ஒருவர் மேரி லூ வில்லியம்ஸ். பியானோவிலும் இசையமைப்பிலும் தம் காலத்து ஆடவர் எவருக்கும் குறையாத இக்கறுப்பினப் பெண்மணி, 1954-இல் பாரிஸ் நகரில் வாசித்துக்கொண்டிருந்த மேடையை விட்டு எழுந்து போனார். நெடுநேரம் ஆலயங்களில் அமர்ந்து செபித்தார். போதைக்கு அடிமையான இசைக்கலைஞர்களைத் தம் வீட்டில் வைத்துப் பேணினார். 1957-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1962-இல் புனித மார்ட்டின் தே போரஸ் புனிதராக உயர்த்தப்பட்டபோது அவர்மீது ஒரு பாடல் புனைந்தார். கலப்பினத்தவர் என்பதால் துறவு மடத்தில் ஏவலராகவே சேர்க்கப்பட்ட லீமா நகரத்துப் புனிதரை, அதே நிறத்தவள் ஒருத்தி பாடிய பாடல் அது. பெரும்பகுதி துணைக்கருவியின்றிக் குரல்கள் மட்டுமே ஒலிக்க, நடுவே பியானோ துள்ளும் தாளத்தோடு நுழைந்து மறைகிறது. நாம் அறிந்த கிறிஸ்தவ இசையுள் இதற்கு நிகர் சிலவே. அவருடைய திருப்பலி இசை அவ்வளவு சீரானதன்று. சில பகுதிகள் நாடக மேடையை நினைவூட்டுகின்றன. எனினும் 1975 பிப்ரவரி 18-ஆம் நாள் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத் திருப்பலியில் அது ஒலித்தது. முன்னர் கூறிய புரூபெக்கும் பின்னாளில் திருப்பலி இசை ஒன்று இயற்றினார். அதில் கர்த்தர் கற்பித்த செபம் விடுபட்டதை ஒரு குரு சுட்டிக்காட்ட, முதலில் மறுத்தவர், பின்னர் அச்செபம் கனவில் இசையோடு வந்ததாகச் சொல்லி, 1980-இல் கத்தோலிக்கரானார்.

ஜான் கோல்ட்ரேன் எந்தச் சபையையும் சேர்ந்து பாடியவரல்லர். ஆயினும் 1964 டிசம்பரில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' என்னும் அவருடைய படைப்பின் கடைப்பகுதியைத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை இரவில் கேட்டுப் பாருங்கள். தாம் எழுதிய இறைவேண்டல் ஒன்றை வாய்திறந்து சொல்லாமல், அசை அசையாகச் சாக்சபோனில் படிக்கிறார். சாகித்தியம் தெரிந்து ஊதுபவரின் நாகசுரத்தில் சொல் கேட்பதுபோல் அதில் சொல் கேட்கும்.

சென்ற ஆண்டு இம்மலையடிவாரத்துக் கிளைப்பங்கு ஒன்றின் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். தெருமுனையிலிருந்து பறையடித்துக் குருவை அழைத்து வந்தார்கள். முன்னடித்த முதியவரும் அப்பங்கிலேயே திருமுழுக்குப் பெற்றவர். அவர் பெயரும் ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கும். ஆலய வாயிற்படியில் பறை நின்றது. அவர் அதைக் கழற்றி வெளிச்சுவரோரம் சாய்த்துவிட்டு, அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்கையோடு உள்ளே போய்க் கடைசியில் நின்றார். எவரும் அவரைத் தடுக்கவில்லை. எவரும் அப்படிச் செய்யச் சொல்லவுமில்லை. உள்ளே கீபோர்டு தொடங்கியது. பொத்தானை அழுத்தியதும் அதற்குள் அடைத்து வைத்திருந்த தாளம் தானே ஓடியது. வருகைப் பாடலுக்கும் காணிக்கைப் பாடலுக்கும் அதே தாளம். முதியோர் மெதுவாகப் பாடினர், அது காத்திருக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் எங்கோ யாரோ ஒரு கறுப்பின மனிதரின் கைகளிலிருந்து எடுத்த நடைதான் என்பதை நினைத்துக்கொண்டு நின்றோம்.

திருப்பலி முடிந்து சப்பரம் எடுக்கும் வேளையில் பனி இறங்கிவிட்டது. பறையின் தோல் தொய்ந்திருந்தது. முதியவர் வைக்கோலைக் கொளுத்தி அதைக் காய்ச்சினார். திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிக் காது கொடுத்துப் பார்த்தார். கீபோர்டு வாசித்த இளைஞன் அதற்குள் உறையை மூடிவிட்டு அவர் பக்கத்தில் வந்து குந்தினான்.

"தாத்தா, படியேறும்போது அடிச்சீங்களே, அது எத்தினி அடி?"

"எண்ணினதில்லயே, தம்பி," என்றார் அவர். சற்று யோசித்து, பறையைத் தோளில் மாட்டி அவனுக்காக மெதுவாக ஒருமுறை அடித்துக் காட்டினார். அவன் விரல்விட்டு எண்ணினான். ஏழு வந்தது. மறுமுறை அடித்தபோது எட்டு வந்தது. அவன் குழம்பி நிமிர்ந்து பார்த்தான். முதியவரும் சிரித்துக்கொண்டே மூன்றாம் முறை தொடங்கினார். அதற்குள் சப்பரம் கிளம்பிவிட, இருவரும் அதன் முன்னே ஓடினார்கள்.